பெயருக்குப் பின்னே ஒரு பெயர்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

நீங்கள் எப்போதாவது திருமுக்கூடலுக்கு வந்திருக்கிறீர்களா? பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்று ஆறுகளும் எங்கள் ஊரில்தான் ஒன்று கூடுகின்றன. கூடிய பிறகு கடலை நோக்கிப் போகும் ஆற்றுக்குப் பாலாறு என்ற ஒரே பெயர்தான். செய்யாறும் வேகவதியும் தங்கள் தண்ணீரைக் கொடுத்துவிட்டுப் பெயரை மட்டும் இங்கேயே இறக்கி வைத்துவிடுகின்றன. (மழைக்காலம் போக மற்ற மாதங்களில் மூன்றுமே எங்களுக்கு மணலைத்தான் காட்டுகின்றன என்பது வேறு கதை.)

ஆற்றின் பெயரைப் பற்றி நாங்கள் இவ்வளவு யோசிப்பதற்குக் காரணம் எங்கள் தமிழ் மன்றம். இவ்வாண்டு எங்கள் பிரிவுக்குக் கிடைத்த தலைப்பு, "இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒரே குடும்பப் பெயர் கொண்டு விளங்கிய பெரியோர்" என்பதாகும். ஒரு பெரிய அட்டை தயாரித்து வராந்தாவில் மாட்ட வேண்டும். ஆண்டு மலருக்குக் கட்டுரையும் எழுதித் தர வேண்டும். எடுத்துக்காட்டாக, தமிழாசிரியையான சிஸ்டர் எங்களுக்கு அமெரிக்காவின் ரூஸ்வெல்ட்டுகளைக் கூறினார்கள். தியோடர் ரூஸ்வெல்ட்டும் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டும் தூரத்து உறவினர். இருவருமே அந்நாட்டுக் குடியரசுத் தலைவர்கள். ஃபிராங்க்ளினின் மனைவி எலினாரோ பிறப்பிலேயே ரூஸ்வெல்ட். திருமணத்தில்கூடப் பெயர் மாற வேண்டிய தேவை அவருக்கு ஏற்படவில்லை!

நம் நாட்டில் யாரை எடுப்பது? அதிகம் யோசிக்கவில்லை. காஞ்சிபுரத்தில் பழைய கல்வெட்டுப் பலகைகளிலும், பட்டுக் கடைகளின் பெயர்ப் பலகைகளிலும், சத்திரங்களின் வாயிலிலும் நாங்கள் அதிகம் படித்த சொல் ஒன்று உண்டு. "முதலியார்!" என்று எங்களில் நான்கு பேர் ஒரே குரலில் சொன்னோம்.

சிஸ்டர் சிரித்தார்கள். "எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது குடும்பப் பெயர்தானா என்று முதலில் பாருங்கள்" என்றார்கள். எளிய கேள்வி என்று நினைத்தோம். அதற்கு விடை தேடவே ஒரு மாதம் ஆயிற்று.

'முதலி' என்றால் முதன்மையானவர், தலைவர் என்று பொருள். 'ஆர்' என்பது மரியாதைக்காகச் சேர்ந்த விகுதி. சைவ சமயத்தார் சம்பந்தர், அப்பர், சுந்தரர் ஆகிய மூவரையும் 'மூவர் முதலிகள்' என்றே போற்றுகின்றனர். வைணவத்திலோ இராமாநுசருடைய சகோதரியின் மகனுக்கு 'முதலியாண்டான்' என்று பெயர். ஆக, முதலில் இது ஒருவருக்குப் பிறர் கொடுக்கும் மரியாதைச் சொல்லாகத்தான் இருந்திருக்கிறது. பிற்காலத்தில் தொண்டை மண்டலத்து வேளாளரும், நெசவு செய்யும் செங்குந்தரும், இன்னும் சில சமூகத்தாரும் அதைத் தங்கள் பட்டமாகச் சூடிக்கொண்டனர். ஆகையால் இரண்டு பேர் முதலியார் என்றால் அவர்கள் உறவினர் என்று கொள்ளக் கூடாது. ஒரே சமூகத்தார் என்றுகூடக் கொள்ள முடியாது.

கடல் தாண்டினால் அதே சொல்லுக்கு வேறு உடுப்பு. இலங்கையில் 'முதலியார்' என்பது அரசாங்கம் கொடுத்த பதவி. தமிழருக்கும் அது கிடைத்தது, சிங்களருக்கும் கிடைத்தது. 1956இல் அந்நாட்டின் பிரதமரான பண்டாரநாயக்காவின் தகப்பனார் 'மகா முதலியார்' பதவி வகித்தவர். அவர்கள் சிங்களக் குடும்பத்தார். தென்னாப்பிரிக்காவின் கதை இன்னும் விசித்திரமானது. 1860 முதல் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய நம்மவரின் பெயர்கள் ஆங்கிலப் பதிவேடுகளில் ஏறின. காலப்போக்கில் முதலியார் 'மூட்லி' ஆயிற்று. அங்கே இன்று அது அச்சு அசலான குடும்பப் பெயர். ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. இந்தப் பெண் விஷயத்துக்குப் பின்னால் வருகிறோம்.

எங்கள் அட்டையில் முதலில் ஒட்டியது ஆற்காடு இரட்டையர்களின் படத்தை. ஆ. இராமசாமி முதலியாரும் ஆ. இலட்சுமணசாமி முதலியாரும் 14-10-1887 அன்று கர்நூலில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள். பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள்! இருவரும் சென்னை கிறித்தவக் கல்லூரியில் பயின்றவர்கள். உருவத்திலும் அவ்வளவு ஒற்றுமை. அந்த ஒற்றுமை எங்களையும் ஏமாற்றிவிட்டது. இராமசாமியின் படத்துக்கு அடியில் 'புகழ்பெற்ற மகப்பேறு மருத்துவர்' என்று அழகாக மை தொட்டு எழுதி, அட்டையை மாட்டியும் விட்டோம். மூன்று நாள் ஒருவரும் கவனிக்கவில்லை. நான்காம் நாள் பெற்றோர் கூட்டத்துக்கு வந்த ஒரு தகப்பனார்தாம் "அம்மா, இவர் மருத்துவர் அல்லர், வழக்கறிஞர்" என்று பணிவாகச் சொல்லிவிட்டுப் போனார். எங்களுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

ஆகவே இப்போது சரியாக எழுதுகிறோம். மூத்தவர் இராமசாமி சட்டம் படித்தவர். நீதிக்கட்சித் தலைவர்களுள் ஒருவர். 1928 முதல் 1930 வரை சென்னை மாநகராட்சித் தலைவர். 1945இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஐக்கிய நாடுகள் சபைக்கான சாசனம் உருவானபோது இந்தியக் குழுவுக்குத் தலைமை தாங்கிச் சென்றார். மறு ஆண்டு அச்சபையின் பொருளாதார சமூக மன்றம் இலண்டனில் முதன்முறையாகக் கூடியபோது அதன் முதல் தலைவரும் அவரே. பிறகு மைசூர் திவானாகவும் பணியாற்றினார்.

இளையவர் இலட்சுமணசாமிதான் மருத்துவர். சென்னை மருத்துவக் கல்லூரிக்கு முதல்வரான முதல் இந்தியர். மகப்பேறு மருத்துவம் பற்றி 1938இல் அவர் வெளியிட்ட நூல் பல பதிப்புகள் கண்டது. எங்கள் தோழி ஒருத்தியின் அக்காள் மருத்துவம் படிக்கிறாள். அந்த நூலை அவர்கள் வட்டாரத்தில் 'முதலியார் மேனன்' என்றே சொல்வார்களாம். பின்னாளில் சேர்ந்த ஆசிரியர் கிருஷ்ண மேனன். எழுதியவர்களின் சொந்தப் பெயர் மறைந்து இரண்டு பட்டங்கள் மட்டும் புத்தகத்துக்குப் பெயராக நின்றுவிட்டன. 1942 முதல் 1969 வரை, இருபத்தேழு ஆண்டுகள், சென்னைப் பல்கலைக் கழகத்தின் துணைவேந்தராகவும் இவர் விளங்கினார்.

அண்ணன் தம்பி இருவரின் பணியும் ஓரிடத்தில் தொட்டுக்கொண்டதுதான் எங்களுக்கு மிகவும் பிடித்தது. உலக சுகாதார நிறுவனம் அமைப்பதற்கான மாநாட்டைக் கூட்டுவதென 1946 பிப்ரவரியில் தீர்மானித்தது, அண்ணன் தலைமை வகித்த அதே பொருளாதார சமூக மன்றம். அவ்வாறு பிறந்த நிறுவனத்தின் பேரவை 1961இல் புதுதில்லியில் கூடியபோது அதற்குத் தலைவராக அமர்ந்தவர் தம்பி!

பத்தாம் வகுப்பு மாணவியரான எங்களுக்கு இலட்சுமணசாமியாரிடம் தனிப் பாசம் ஏற்பட இன்னொரு காரணமும் உண்டு. 1952இல் இந்திய அரசு அமைத்த இடைநிலைக் கல்விக் குழுவுக்கு அவரே தலைவர். அது முதலியார் குழு என்றே வழங்கப்படுகிறது. அக்குழு 1953இல் கொடுத்த அறிக்கையில், பொதுத் தேர்வுகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், ஆண்டு முழுவதும் மாணவர் செய்த வேலையையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்றெல்லாம் பரிந்துரை செய்தது. ஒரே வகைப் படிப்பாக இல்லாமல் அறிவியல், தொழில்நுட்பம், வணிகம், வேளாண்மை, நுண்கலை, மனையியல் முதலியவற்றைக் கற்பிக்கும் பல்நோக்குப் பள்ளிகள் வேண்டும் என்றும் கூறியது. பொதுத் தேர்வை எதிர்நோக்கி அதிகாலை நாலரை மணிக்கு எழுந்து படிக்கும் நாங்கள், அந்த முதற் பரிந்துரையை நினைத்துப் பெருமூச்சு விடுகிறோம்.

மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். பல்லாவரத்துக்கு அருகேயுள்ள பம்மலைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டவர் பம்மல் சம்பந்த முதலியார். சென்னையில் நீதிபதியாகவும் இருந்தார். 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கி, படித்தவர்களும் மேடையேறி நடிக்கலாம் என்று காட்டினார். 1954இல் திரைப்படமாக வந்த 'மனோகரா' இவருடைய நாடகமே. 1964இல் மறைந்தார். தென்பாண்டிச் சீமையில் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் இருந்தார். திருநெல்வேலியில் அவர் வீட்டு முற்றத்தில் நண்பர்கள் கூடிக் கம்பன் பாட்டை அனுபவித்த 'வட்டத் தொட்டி' பெயர் பெற்றது.

திரு. வி. க.வைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். திரு. வி. கலியாணசுந்தர முதலியார் 1883இல் பழைய செங்கற்பட்டு மாவட்டத்துத் துள்ளம் கிராமத்தில் பிறந்தவர். ஆசிரியர், பத்திரிகையாளர், தொழிற்சங்கத் தலைவர். 'பெண்ணின் பெருமை' எழுதியவர். 1925இல் நம் காஞ்சிபுரத்தில் நடந்த காங்கிரசு மாநாட்டுக்குத் தலைமை வகித்தவரும் அவரே. வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் கோரும் தீர்மானம் அங்கு ஏற்கப்படாததால்தான் பெரியார் ஈ. வெ. ரா. காங்கிரசை விட்டு வெளியேறினார். அவர் பெயரிலுள்ள 'திரு' என்பதை மரியாதைச் சொல் என்றே நாங்கள் அனைவரும் நினைத்திருந்தோம். இல்லையாம்! 'திரு' என்பது முன்னோர் ஊராகிய திருவாரூர். 'வி' தந்தையார் விருத்தாசலம். ஊர், தந்தை, தன் பெயர் என்ற அந்த வரிசைதான் தமிழரின் பழைய முகவரி. முதலியார் என்ற சொல் அதன் வாலில் ஒட்டிக்கொண்டது, அவ்வளவே.

இந்த அளவில் கட்டுரையை முடித்துக் கொடுத்திருப்போம். அட்டையும் நிறைந்துவிட்டது. அப்போது எங்கள் பிரிவுத் தோழி ஒருத்தி, அட்டையின் ஓரத்தில் பசை தடவிக்கொண்டிருந்தவள், தலையை நிமிர்த்தாமலே ஒரு கேள்வி கேட்டாள்.

"எங்க வீட்டுல யாருக்கும் பேருக்குப் பின்னாடி எதுவும் கிடையாது. தாத்தாவுக்கும் கிடையாது, அவங்க அப்பாவுக்கும் கிடையாது. அப்படின்னா இந்த மாதிரி ஒரு அட்டையில எங்க ஆளுங்க வரவே மாட்டாங்க, இல்ல?"

ஒருவரும் பதில் சொல்லவில்லை. நாங்கள் எட்டு பேர் ஒரு மாதமாகச் செய்த வேலை. எங்களுள் ஒருத்திக்கும் அது தோன்றவில்லை. பட்டம் என்பது எல்லாருக்கும் கொடுக்கப்பட்டதல்ல. சிலருடைய பெயரின் பின்னே 'ஆர்' சேர்த்து அழைத்த அதே ஊர், வேறு சிலரை வெறும் பெயரைச் சொல்லி, அதையும் சுருக்கி அழைத்தது. ஒரே பட்டம் உடையவர்களைத் தேடப் போனால் பட்டம் மறுக்கப்பட்டவர்கள் முதல் அடியிலேயே விடுபட்டுவிடுகிறார்கள். நாங்கள் யாரையும் வேண்டுமென்று விடவில்லை, தலைப்பே விட்டுவிட்டது.

மறுநாள் சிஸ்டரிடம் நடந்ததைச் சொன்னோம். சிஸ்டர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "1930இல் இலண்டனில் நடந்த வட்டமேசை மாநாட்டுக்கு உங்கள் இராமசாமி முதலியார் போனார், தெரியுமா? அதே மாநாட்டுக்கு உங்கள் பக்கத்திலிருந்து இன்னொருவரும் போனார். யாரென்று பாருங்கள்" என்றார்கள்.

பார்த்தோம். இரட்டைமலை சீனிவாசன்! செங்கற்பட்டுச் சீமையில் மதுராந்தகத்துக்கு அருகிலுள்ள கோழியாளம் அவருடைய ஊர். எங்கள் ஊரும் பழைய கணக்கில் அதே மாவட்டந்தான். 'இரட்டைமலை' என்பது பட்டமும் அன்று, மலையும் அன்று. அவருடைய தந்தையார் பெயர். தாழ்த்தப்பட்ட மக்களுக்காக 1893இல் அவர் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'பறையன்'. ஊரார் எந்தச் சொல்லை இழிவாகச் சொன்னார்களோ அதையே எடுத்துத் தலைப்பில் பெரிய எழுத்தில் அச்சிட்டுவிட்டார்! பிறகு பல ஆண்டுகள் தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். திரும்பி வந்து சென்னைச் சட்டமன்றத்தில் உறுப்பினரானார். 1930 நவம்பர் 12ஆம் நாள் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தொடங்கி வைத்த அந்த மாநாட்டில் தாழ்த்தப்பட்ட மக்களின் பிரதிநிதிகளாகச் சென்றவர்கள் இருவர்: ஒருவர் டாக்டர் அம்பேத்கர், மற்றவர் இவர். 1945 செப்டம்பரில் இறக்கும் வரை அம்மக்களுக்காகவே பேசினார்.

ஒரே மாநாடு. ஒருவர் பெயரின் முடிவில் முதலியார்; மற்றவர் பெயரின் தொடக்கத்தில் தகப்பனார். இருவருக்குமே வெள்ளைக்கார அரசாங்கம் கொடுத்த 'திவான் பகதூர்' பட்டம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறோம். அந்தப் பட்டம் 1947க்குப் பிறகு நடைமுறையில் இல்லாமல் போயிற்று. முன்னதும் போகத் தொடங்கியிருந்தது.

எப்படிப் போயிற்று? அதுவும் எங்கள் பக்கத்தில் நடந்த கதைதான். 1929 பிப்ரவரி 17, 18 ஆகிய நாட்களில் செங்கற்பட்டில் முதலாவது சுயமரியாதை மாநாடு கூடிற்று. தலைமை வகித்தவர் டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன். பெயருக்குப் பின்னே சாதியைக் காட்டும் பட்டங்களை விட்டுவிட வேண்டும் என்று அம்மாநாடு தீர்மானித்தது. பெரியார் அதற்கு முன்பே தம் 'குடி அரசு' இதழில் 'நாயக்கர்' என்பதை நீக்கிவிட்டிருந்தார். சொல்வது எளிது. ஆனால் ஊர் மொத்தமும் ஒருவரை ஐம்பது ஆண்டுகளாக ஒரு பெயரால் அழைத்துவிட்டால், அவரே வேண்டாம் என்றாலும் அது போக மறுக்கும்.

காஞ்சிபுரத்துச் செங்குந்த நெசவாளர் குடும்பத்தில் 1909இல் பிறந்த ஒரு பிள்ளை பட்டத்தைச் சேர்க்காமலே வளர்ந்து பெரியவனானான். காஞ்சிபுரம் நடராசன் அண்ணாதுரை, அதாவது சி. என். அண்ணாதுரை. 1962 தேர்தலில் காஞ்சிபுரம் தொகுதியில் அவர் நின்றபோது அவரைத் தோற்கடித்தவர் காங்கிரசைச் சேர்ந்த எஸ். வி. நடேச முதலியார். பட்டத்தை உடையவர் வென்றார், விட்டவர் தோற்றார் என்று எங்களுள் ஒருத்தி கட்டுரையில் எழுதியிருந்தாள். அது சரியல்ல என்று அடித்துவிட்டோம். தேர்தலுக்கு ஆயிரம் காரணங்கள் இருக்கும். ஐந்தே ஆண்டுகளில் அந்த அண்ணாதுரை முதலமைச்சரானார். மதராஸ் மாநிலம் என்றிருந்த பெயரைத் தமிழ்நாடு என்று மாற்றும் தீர்மானத்தைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றினார். தன் பெயரில் ஒரு சொல்லைக் குறைத்தவர் மாநிலத்துக்கு ஒரு பெயரைக் கொடுத்தார்.

அதன் பிறகு பட்டங்கள் மளமளவென்று உதிர்ந்தன. எழுபதுகளின் இறுதியில் தெருப் பெயர்களிலிருந்தும் அவற்றை எடுக்க அரசு ஆணையிட்டது. 2021இல் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் உ. வே. சாமிநாத ஐயர் 'உ. வே. சாமிநாதர்' ஆனார், அவருடைய ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 'மீனாட்சிசுந்தரனார்' ஆனார்.

இதைப் பற்றி எங்கள் குழுவில் பெரிய வாக்குவாதமே நடந்தது. இறந்தவர் தாமே எழுதிய கையெழுத்தை நாம் எப்படி மாற்றலாம் என்றார்கள் நால்வர். நூலகத்தில் பழைய நூல்களெல்லாம் பழைய பெயரிலேயே அடுக்கப்பட்டிருக்க, புதிய பெயரைக் கொண்டு தேடினால் கிடைக்காதே என்பது அவர்கள் வாதம். தேடிக் கிடைக்காமல் நாங்களே அரை நாள் வீணடித்ததும் உண்மை. மற்ற மூவர், பாடநூல் நம் கையில் தினமும் இருப்பது, அதில் சாதியைப் படித்துப் படித்து மனப்பாடம் செய்ய வேண்டுமா என்று கேட்டார்கள். பசை தடவிய தோழி எட்டாவது ஆள். அவளிடம் கேட்டோம். "எனக்கு ரெண்டுமே சரின்னுதான் தோணுது. ஆனா பழைய பேரை எடுத்தா, யாருக்கு இருந்துச்சு யாருக்கு இல்லைங்கறதும் மறந்துடும்" என்றாள். நாங்கள் இன்னும் அதையே பேசிக்கொண்டிருக்கிறோம்.

வீட்டிலும் கேட்டோம். குழுவில் ஒருத்தியின் தாத்தா காஞ்சிபுரத்தில் பட்டு நெசவு செய்தவர். அவருடைய பழைய சங்கப் புத்தகத்தில் பெயருக்குப் பின்னே 'முதலியார்' இருக்கிறது. அவள் அப்பாவின் வாக்காளர் அட்டையில் இல்லை. அந்தத் தாத்தா நாற்பது ஆண்டுகள் குழித்தறியில் காலை விட்டுக்கொண்டு பிறருக்காகக் கூலிக்கு நெய்தார். கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். எதிர்ப் பக்கத்தில் கரைக்கு நாடா போட்டவள் அவள் ஆயா. "தாத்தா ஏன் ஆயா அந்தப் பட்டத்தை வச்சுக்கிட்டார்?" என்று கேட்டதற்கு ஆயா சிரித்துக்கொண்டே, "பட்டத்தக் காட்டினா பாவு குடுப்பாங்களா? அவரு எழுதல, எழுதினவரு எழுதினாரு" என்றாராம். முதன்மையானவர் என்று பொருள்படும் சொல்லைச் சுமந்துகொண்டு ஒரு மனிதர் வாழ்நாளெல்லாம் குழிக்குள் உட்கார்ந்திருந்தார்.

அந்த ஆயாவுக்கு எந்தப் பட்டமும் இல்லை. இங்கேதான் நாங்கள் முன்னே சொன்ன பெண் விஷயம் வருகிறது. எங்கள் அட்டையில் ஒரு பெண்கூட இல்லை! பெண்கள் பள்ளியின் வராந்தாவில், பெண்கள் தயாரித்த அட்டையில்! தமிழ்நாட்டில் முதலியார், பிள்ளை, செட்டியார் எல்லாம் ஆண்களின் பெயருக்கே சேர்ந்தன. பெண்களுக்கு அம்மாள், அம்மையார் என்பவைதான். விதிவிலக்காக எங்களுக்குக் கிடைத்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனை 1954இல் தொடங்கக் காரணமான அந்த அம்மையாரின் பெயரிலுள்ள 'ரெட்டி'யும் கணவர் வழியாக வந்ததே. காந்தியடிகள் தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரகத்தைப் பற்றி எழுதிய நூலில் தில்லையாடி வள்ளியம்மையைத் தந்தையாரின் பெயரோடு, ஆர். முனுசாமி முதலியார் என்பதைச் சேர்த்து எழுதியிருக்கிறார். சிறையிலிருந்து காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தபோது அவளுக்கு வயது பதினாறு. எங்களைவிட ஒரு வயதுதான் மூத்தவள். அவளை இங்கே யாரும் அந்தப் பட்டத்தால் நினைப்பதில்லை. அவள் கண்டிராத தில்லையாடி என்ற ஊரின் பெயரால்தான் நினைக்கிறோம்.

பெயரை விடுவதைப் பற்றிப் பேசும்போது எங்களுள் துடுக்கான ஒருத்தி, "சிஸ்டர், கன்னியர் மடத்தில் சேருமுன் உங்களுக்கு வேறு பெயரா?" என்று கேட்டே விட்டாள். முன்பெல்லாம் துறவறம் ஏற்கும்போது புனிதர் ஒருவரின் பெயரைப் புதிதாகச் சூடுவது வழக்கம் என்பது எங்களுக்குத் தெரியும். "இருந்தது. வீட்டுக்குப் போனால் அம்மா இன்னமும் அதைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்" என்றார்கள் சிஸ்டர். என்ன பெயர் என்று மட்டும் சொல்லவில்லை.

கடைசியாக எங்கள் ஊர்க் கோயிலுக்குப் போனோம். திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இங்கே ஒரு பள்ளியும் பதினைந்து படுக்கைகள் கொண்ட ஒரு மருத்துவசாலையும் நடந்த விவரத்தை அது சொல்கிறது. மருத்துவம் பார்த்தவர் பெயரும் அதில் இருக்கிறது: கோதண்டராமன் அசுவத்தாம பட்டன். முன்னே கோதண்டராமன், நடுவில் தன் பெயர் அசுவத்தாமன், முடிவில் பட்டன் என்ற பட்டம். மருந்து இடிக்கவும் தண்ணீர் கொண்டு வரவும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளவும் ஆட்கள் இருந்ததாகவும் கல்வெட்டுக் கூறுகிறது. நோயாளிகளுக்குப் பணி செய்தவர்களில் பெண்களும் உண்டு. சுவரருகே நின்று அந்த எழுத்துகளை விரலால் தொட்டுப் பார்த்தோம். ஓர் எழுத்தும் எங்களுக்குப் பிடிபடவில்லை.

அட்டையைக் கழற்றி மறுபடியும் செய்தோம். தலைப்பை மாற்ற மன்றம் சம்மதிக்கவில்லை. ஆனால் உள்ளே எப்படி அடுக்குவதென்பது எங்கள் விருப்பம் என்றார்கள். எனவே பட்டங்களைப் பெயரின் பின்னே சிறிய எழுத்தில் வைத்து, ஊரின் பெயரைப் பெரிதாக எழுதினோம். ஆற்காடு, பம்மல், திருவாரூர், காஞ்சிபுரம், கோழியாளம், தில்லையாடி. இரட்டையர் படங்களுக்கடியில் வழக்கறிஞரும் மருத்துவரும் இடம் மாறாதபடி இரண்டு பேர் தனித்தனியே சரிபார்த்தோம். பட்டு நெய்த ஆயாவுக்கும் ஓரிடம் கொடுத்திருக்கிறோம். பெயர் போடக் கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், தறியின் எதிர்ப் பக்கத்தில் அவர் அமர்ந்திருக்கும் படத்தை ஒருத்தி பென்சிலால் வரைந்து கொடுத்தாள்.

சீனிவாசன் அவர்களின் பகுதியை எழுதியவள் அந்தத் தோழிதான். அடியில் எழுதியவர் பெயரைப் போடும்போது, இதுவரை தகப்பனாரின் முதலெழுத்தை மட்டும் போட்டு வந்தவள், அன்றைக்கு இரண்டு எழுத்துகளைப் போட்டாள். புதிய எழுத்து என்னவென்று கேட்டோம். "எங்க ஊரு" என்றாள்.